ஆறின இடத்துலயே ஏன் திரும்ப வருது? சொரியாசிஸும் ஒரு ட்ரேசிங் ஷீட்டும்

அட்டைக்காரர் (ஆரணி) · சனி, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போவேன், இன்னிக்குத்தான் எழுதுறேன்.

வயசு 47. பட்டுச்சேலை பார்டருக்கு டிசைன் போடுறது தொழில். முன்னெல்லாம் கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா நிரப்பி, அதைப் பாத்துத் தறிக்கு அட்டையில ஓட்டை குத்துவாங்க. இப்ப கம்ப்யூட்டர். ட்ரேசிங் ஷீட் மட்டும் பழைய கத்தை இன்னும் வீட்ல கிடக்கு. கதையே அதுலதான்.

11 வருஷமா சொரியாசிஸ், தோல்ல செதில் செதிலா வர்ற படை. ரெண்டு முழங்கை, இடது முழங்காலுக்குக் கீழ, இடுப்புக்குப் பின்னால உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு. முந்தின வருஷம் மார்கழியில ரொம்ப அதிகமாச்சு. ஒருநாள் வேலை இல்லாம உக்காந்திருந்தப்ப இடது முழங்கைமேல ட்ரேசிங் ஷீட்டை வெச்சு படையோட ஓரத்தைப் பென்சில்ல வரைஞ்சேன். பக்கத்துல இருக்கிற ஒரு மச்சத்தையும் சின்ன வயசுத் தழும்பையும் புள்ளி வெச்சுக்கிட்டேன். திரும்ப வெச்சா பொருந்தணும் இல்ல? தொழில் புத்தி.

அப்புறம் லைட் ட்ரீட்மென்ட் (தோல்மேல புற ஊதா ஒளி காட்டுறது), வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. மூணு மாசத்துல சுத்தமா போச்சு. தோல் பளபளன்னு, லேசா வெளுத்து. ஆறு மாசம் ஒண்ணும் இல்ல. நானே நிறுத்திட்டேன் (திட்டாதீங்க). புரட்டாசில முதல் செதில். தீபாவளிக்குள்ள பழைய மாதிரியே.

பீரோல இருந்து அந்த ஷீட்டை எடுத்தேன். மச்சத்துமேல மச்சம், தழும்புமேல தழும்பு. படை கோட்டுக்கு உள்ளயே நிக்குது. மேல் ஓரத்துல அன்னத்தோட அலகு மாதிரி ஒரு வளைவு இருந்தது, அதுவும் அப்படியே. சரியா சொல்லணும்னா ஒரு பக்கம் ரெண்டு நூல் உள்ள தள்ளியிருக்கு, அவ்ளோதான்.

என் கேள்வி இதுதான். ரத்தம் கெட்டுப்போச்சுன்னா உடம்பு பூரா எங்க வேணா வரலாமே? ஏன் அதே இடம், அதே ஓரம்? வீட்ல, ஒரு கல்யாணத்துல கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதுதான் காரணம்னு முடிவே பண்ணிட்டாங்க.

வெட்பாலை · இரவு 10.15

அண்ணே, சித்தத்துல இதைக் காளாஞ்சகப்படைன்னு சொல்லுவாங்க. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெய்ல போட்டு வெயில்ல வைங்க, எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அதைத் தடவுங்க. பத்தியம் முக்கியம்: கருவாடு, கோழி, கத்தரிக்காய் மூணையும் தொடக்கூடாது. அண்ணி சொன்னது சரிதான்.

முள்ளுக்கத்தரி (இலவம்பாடி) · இரவு 10.22

எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துல இருக்கலாம், காய் மட்டும் ஆகாதா? இன்னா நியாயம் சார் இது. எங்க ஊர் முள்ளுக்கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. வேலூர்ல எவனுக்கு எங்க அரிச்சாலும் பழி எங்க தோட்டத்துமேலதான் விழுது. 😀

எனக்கும் தலையில இருக்கு, அதான் படிக்கிறேன். நான் விளைவிக்கிறவன், தினம் சாப்பிடுறவன். நிறுத்தியும் பாத்தேன், ஒரு வருஷம். படை போகல, வீட்ல சண்டை வந்தது.

பாலாத்தங்கரை (வேலூர்) · ஞாயிறு, காலை 7.05

அட்டைக்காரர் அண்ணா, ராத்திரியே படிச்சேன், தூக்கம் வரல. நான் நோய் எதிர்ப்புச் செல்கள் பத்தி ஆராய்ச்சி பண்ணினவ, டாக்டர் இல்ல. உங்க பென்சில் கோடு ஒரு பெரிய விஷயத்தைத் தொட்டிருக்கு. கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

பள்ளிக்கூடத்துல படிச்சது என்ன? வெள்ளையணு ரத்தத்துல ரோந்து சுத்தும், கிருமி வந்தா ஓடி வரும், வேலை முடிஞ்சா போயிடும். இது பாதிதான். வளர்ந்த ஒருத்தரோட தோல்ல மட்டும் ஏறக்குறைய 2,000 கோடி டி செல்கள் (வெள்ளையணுல ஒரு வகை) இருக்குன்னு 2006ல பாஸ்டன் குழு ஒண்ணு கணக்குப் போட்டது. ரத்தத்துல சுத்துறதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுல ஒரு கூட்டம் வந்த தெருவுலயே வீடு கட்டிக் குடியேறிட்ட ஆளுங்க. லேப்ல டிஆர்எம்னு சொல்லுவோம்: தோல்லயே தங்கிட்ட நினைவு டி செல்.

எப்படித் தங்குது? ரெண்டு வேலை பண்ணுது. அது மேல சிடி69னு ஒரு புரதம் இருக்கு. தோலை விட்டு வெளியே போற வழியை மோப்பம் பிடிக்க ஒரு வாங்கி (சிக்னலைப் பிடிக்கிற புரதம், ரிசெப்டர்) வேணும். அந்த வாங்கியையே சிடி69 செல்லுக்குள்ள இழுத்துப் போட்டுடும். இன்னொண்ணு சிடி103. மேல்தோல் செல்கள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்க ஈ-காத்ஹெரின்னு ஒரு புரதம் வெச்சிருக்கு இல்லையா, இந்தச் செல் போய் அந்தக் கையையே பிடிச்சுக்கும். சாப்பாட்டுக்கும் பஞ்சம் இல்ல. ஐஎல்-15, ஐஎல்-7ன்னு உயிர் பிழைக்கிற சிக்னலைத் தோல் செல்களே ஊட்டிவிடும், சுத்தி இருக்கிற கொழுப்பு அமிலத்தை எரிச்சு வாழும்.

நல்லதுக்குத்தான் இந்த ஏற்பாடு. உதட்டோரம் அக்கி மாதிரி கொப்புளம் வருதே, ஹெர்பிஸ், அந்த வைரஸ் திரும்பத் தலை காட்டினா ரத்தத்துல இருந்து வெள்ளையணுக் கூட்டம் வர்றதுக்குள்ள அங்கயே இருக்கிற செல் கவனிச்சுக்கும்.

சொரியாசிஸ்ல இதே காவல்காரன் தப்பான ஆள்மேல பாயுறான். அந்த இடத்துல குடியிருக்கிற டி செல்கள் ஐஎல்-17, ஐஎல்-22ன்னு சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டும். மேல்தோல் செல் சாதாரணமா அடியில பிறந்து மேல வந்து உதிர ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். படையில ஒரு வாரம்கூட ஆகாது. முதிராமலேயே மேல வந்து அடுக்கடுக்கா நிக்குது. நீங்க பாக்கிற வெள்ளிச் செதில் அதுதான்.

இப்ப உங்க கோட்டுக்கு வர்றேன். 2014ல ஸ்டாக்ஹோம்ல, சிகிச்சையில முழுசா ஆறிப்போன இடங்கள்ல இருந்து சின்னத் துண்டு தோல் எடுத்துப் பாத்தாங்க. கண்ணுக்குத் தோல் சுத்தம். மேல்தோலுக்குள்ள அந்த டி செல்கள் அப்படியே இருந்தது, வருஷக்கணக்கா மருந்துல இருந்தவங்களுக்கும்கூட. தட்டி எழுப்பினா பழைய ஐஎல்-17, ஐஎல்-22 திரும்ப வந்தது. தோல் ஆறுது, குடித்தனம் காலியாகல.

அட்டைக்காரர் · காலை 7.40

அம்மா, ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு எங்க தொழில்லதான் புரியுது. சேலையை அறுத்து எடுத்தாச்சு, தறியில பாவு இல்ல, வேலை இல்ல. ஆனா மேல ஜக்கார்டுல (அட்டை ஓட்டைப்படி டிசைன் விழவைக்கிற பொறி) அட்டை கோத்து தொங்கிட்டே இருக்கு. நாளைக்குப் புதுப் பாவு ஏத்தி மிதிச்சா அதே அன்னம்தான் விழும். நான் துணியைப் பாத்துட்டு டிசைன் போச்சுன்னு நெனச்சிருக்கேன். சரியா?

பாலாத்தங்கரை · காலை 7.52

இதைவிட நல்லா நான் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணா. ஒரே வித்தியாசம், உங்க அட்டை உயிரில்லாதது. இது உயிரோட இருக்கு, தேவைப்பட்டா அங்கயே பெருகும், மெதுவாப் பக்கத்துக்கும் நகரும். ரெண்டு நூல் தள்ளி நின்னதுன்னீங்களே, அதுக்குக் காரணம் இதுதான்னு ஒரு முழங்கையை வெச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு ஆச்சரியமா இல்ல.

சந்தேகி (சத்துவாச்சாரி) · காலை 9.30

மன்னிக்கணும், குறுக்கே வர்றேன். ஆறின இடத்துல செல் *இருக்கு*ன்னு காட்டினதால அதுதான் *காரணம்*னு ஆயிடுமா? மழை பெய்ஞ்ச இடத்துல எல்லாம் தவளை இருக்கும், தவளையா மழையைக் கொண்டு வந்தது? ரத்தத்துல இருந்து புதுசா ஓடி வர்ற செல்கள் ஏன் காரணமா இருக்கக் கூடாது?

பாலாத்தங்கரை · காலை 10.10

நியாயமான கேள்வி. ரெண்டு சோதனை சொல்றேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

முதல்ல 2002. ரத்தத்துல இருந்து தோலுக்குள்ள இறங்க டி செல் பிடிச்சுக்கிற கொக்கிகள்ல ஒண்ணு ஈ-செலக்டின். அதை அடைக்கிற மருந்தை சொரியாசிஸ் உள்ளவங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க. வாசலை அடைச்சா நோய் அடங்கணும் இல்லையா? அடங்கல. (ஒரு வாசலை மட்டும்தான் அடைச்சாங்க, வேற வாசல் இருக்கலாம்னு நீங்க சொல்வீங்க. சரி.)

அடுத்தது 2004, ஸூரிச். இதுதான் எனக்குப் பிடிச்சது. சொரியாசிஸ் உள்ளவங்ககிட்ட படை *இல்லாத*, நல்லா இருக்கிற இடத்துல தோல் எடுத்தாங்க. டி செல்லே இல்லாம வளர்த்த எலிமேல ஒட்டுப் போட்டாங்க. நோயாளியோட ரத்தம் ஒரு சொட்டு கிடையாது, வெளியில இருந்து ஒரு செல் ஏத்தல. சில வாரத்துல அந்த ஒட்டுத் தோல்ல தானாவே சொரியாசிஸ் வந்தது. தோலோட கூட வந்த டி செல்கள் அங்கயே பெருகியிருந்தது. அதைத் தடுத்தப்ப நோயும் வரல.

ரத்தத்துல இருந்து ஓடி வர வழியே இல்லாத இடத்துல நோய் வந்திருக்கு.

சந்தேகி · காலை 10.35

ஒட்டுத்தோல் கதை கொஞ்சம் கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா அதுலயே ஒரு முடிச்சு விழுது. நல்ல தோல்லயும் அந்தச் செல் இருக்குன்னா, அட்டைக்காரருக்கு உடம்பு பூரா வராம கோட்டுக்குள்ளயே ஏன் நிக்குது?

குடியாத்தம் தோல் டாக்டர் · காலை 11.20

முடிச்சை நான் கொஞ்சம் அவிழ்க்கிறேன். 22 வருஷமா தினமும் பார்க்கிற நோய் இது.

படை இல்லாத தோலிலும் அந்தச் செல்கள் ஓரளவு இருக்கும், ஒரு தடவை எரிந்து ஆறிய இடத்தில் கூட்டம் அதிகம். இது ஒன்று. இரண்டாவது, எழுப்பிவிட ஒரு தூண்டுதல் வேண்டும். ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1872ல் சொன்னது: சொரியாசிஸ் உள்ளவரின் தோலில் காயமோ உரசலோ பட்டால் அந்தக் கோட்டிலேயே படை எழும். எங்கள் ஊரில் இதைப் படிக்கவே வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். லுங்கி நெய்கிறவர்களுக்குப் படமரம் (நெய்த துணியைச் சுற்றும் கட்டை) வயிற்றில் உரசுகிற இடத்தில் குறுக்கே ஒரு பட்டை. முழங்கையும் முழங்காலும் எல்லாருக்குமே தேய்கிற இடம்.

அட்டைக்காரர் சார், உங்கள் இடது முழங்கை வேலை நேரத்தில் எங்கே இருக்கும்?

அட்டைக்காரர் · காலை 11.31

டாக்டர்... மேஜைக் கண்ணாடிமேல. வலது கை மவுஸ்ல, இடது முழங்கை ஊன்றி முகவாய்ல கை. 25 வருஷப் பழக்கம். இப்ப இதை டைப் பண்ணும்போதும் அங்கதான் இருந்தது, எடுத்துட்டேன்.

முள்ளுக்கத்தரி · காலை 11.34

பாத்தீங்களா, கண்ணாடி மேஜை குத்தவாளி, கத்தரிக்காய் நிரபராதி.

குடியாத்தம் தோல் டாக்டர் · காலை 11.50

கத்தரிக்காயை விடுதலை செய்துவிடலாம். அதை நிறுத்தினால் சொரியாசிஸ் குறையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. குடி, புகை, கூடுதல் எடை இந்த மூன்றும் வேறு விஷயம். எடை குறைந்தவர்களுக்குப் படையும் குறைவதை ஆய்வுகளும் காட்டுகின்றன, நானும் பார்க்கிறேன். வேடிக்கை என்னவென்றால் காயை நிறுத்துகிறவர் குவார்ட்டரை நிறுத்துவதில்லை.

எழுப்பிவிடும் மற்ற சங்கதிகள்: தொண்டைப்புண் (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு மழைத்தூறல் மாதிரி சின்னச் சின்னப் படை வரும்), லித்தியம் மாத்திரை, பிரஷருக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை, மலேரியா மாத்திரை வகையான குளோரோகுயின், மனக் கஷ்டம். மாத்திரைப் பெயரைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொரியாசிஸ் இருப்பதைச் சொன்னால் போதும்.

வெட்பாலை எண்ணெயை நான் எதிர்ப்பவன் இல்லை. காய்ந்த செதில் இளகும், அரிப்பு அடங்கும். மேலே தடவுவதோடு நிற்கட்டும், பெயர் தெரியாத பொடி உள்ளே போகவேண்டாம்.

ஆம்பூர் தையல் · மதியம் 2.15

டாக்டர் சொன்ன அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதறேன்.

எங்க அப்பா ஷூ கம்பெனியில அப்பர் கட்டிங்ல 19 வருஷம். வலது கட்டை விரலுக்குக் கீழ, கத்திரி தேயுற இடத்துல முதல்ல வந்தது. தோல் பதனிடுற இடத்து ரசாயன அலர்ஜின்னு நெனச்சோம். அப்புறம் முழங்கால், தலை. ஒரு டாக்டர் சொரியாசிஸ்னு சொல்லி களிம்பு குடுத்தார். குறையும், வரும். குறையும், வரும். அப்பாவுக்கு வெறுத்துப்போச்சு.

யாரோ சொன்னாங்கன்னு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். ஊர், பேரு வேண்டாம். நியூஸ்பேப்பர்ல மடிச்ச பொடி, காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு. பத்தே நாள்! குழந்தைத் தோல் மாதிரி ஆயிடுச்சு. நாங்க அவரைக் கடவுள்னே சொன்னோம். முகம் கொஞ்சம் உப்பினமாதிரி இருந்தது, சதை போட்டுட்டார்னு சந்தோஷப்பட்டோம்.

மூணு மாசம் கழிச்சு காசு முடியல, நிறுத்தினோம். ரெண்டே வாரம். உடம்பு முழுக்கச் சிவந்து, தொட்டா அடுப்பு மாதிரி. ஆனா அவர் குளிருதுன்னு நடுங்குறார். காலைல பாயைத் தட்டினா ஒரு கை செதில். காய்ச்சல். ஆஸ்பத்திரியில 12 நாள்.

அந்த டி செல்லுங்களை அந்தப் பொடி இன்னா பண்ணுச்சு? இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்.

குடியாத்தம் தோல் டாக்டர் · மதியம் 3.05

அம்மா, அந்தப் பொடியை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொல்கிற வரிசை மட்டும் எனக்கு மனப்பாடம்: பத்து நாளில் அதிசயம், முகம் உப்பல், நிறுத்தியதும் உடம்பு முழுக்கச் சிவப்பு. இது ஸ்டீராய்டின் கையெழுத்து. உள்ளே சாப்பிடும் ஸ்டீராய்டு சொரியாசிஸில் எரிச்சலைச் சட்டென்று அமுக்கும். குடியிருக்கிற செல்களைக் காலி செய்வதில்லை, வாயைப் பொத்தி வைக்கிறது. திடீரென்று கையை எடுத்தால் எல்லாமாகச் சேர்ந்து கத்தும். உடம்பு முழுக்கச் சிவப்பது, சீழ்க்கொப்புளம் கிளம்புவது இரண்டுமே அவசரம். தோல் வெப்பத்தைக் காப்பாற்ற முடியாமல் போவதால்தான் தொட்டால் சுடுகிறது, அவருக்குக் குளிர்கிறது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது சரி.

மெடிக்கலில் கேட்டு வாங்குகிற களிம்புக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒரே ட்யூபில் போட்டு விற்கிறார்கள். எந்தப் படைக்கும் அதுதான். கேட்டால் போன தடவை இதில்தான் போச்சு என்கிறார்கள். போகவில்லை ஐயா, படுத்துக்கொண்டிருந்தது.

நெறியாளர் · மதியம் 3.20

ஒரு நண்பர் போட்ட படத்துல முகம் தெரிஞ்சதால எடுத்துட்டேன். மருந்து அளவு யாரும் எழுத வேண்டாம். இழை நல்லாப் போகுது, தொடருங்க.

கோட்டை மதில் · மாலை 5.45

நான் 68. பழைய வட ஆற்காட்டுக்காரன், மாவட்டத்தை 1989ல் முதலில் பிரித்ததற்கு முன்பிருந்து. ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் அப்பாவுக்கு இதே நோய். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் தோலில் படை என்றாலே ஊர் ஒரே வார்த்தைதான் சொல்லும்: கரிகிரி. 1955ல் அங்கே தொழுநோய் மருத்துவ மையம் வந்தது. எத்தனையோ பேருக்கு வாழ்வு கொடுத்த இடம். ஆனால் ஜனங்கள் வாயில் அந்த ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. அப்பாவுக்கு டீக்கடையில் தனி கிளாஸ். என் அக்கா கல்யாணம் இரண்டு முறை நின்றது. கடைசியில் ஒரு டாக்டர் அப்பாவின் கண்ணை மூடச் சொல்லி, படைமேல் பஞ்சுத் திரியால் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். அப்பா ஒவ்வொரு தடவையும் சரியாக விரலை வைத்தார். "உணர்ச்சி இருக்கு, அரிப்பும் இருக்கு, இது அது இல்லை" என்றார் டாக்டர். அப்பா அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஒட்டாத நோய்க்கு அவர் 30 வருஷம் ஒதுங்கி வாழ்ந்தார். அவருக்கும் அதே இடத்தில்தான் வரும், முழங்காலில். ஊர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது, முன்ஜென்மத்தில் கோயிலில் மண்டியிடாதவன் என்று.

அட்டைக்காரர் · மாலை 6.10

ஐயா. ஒண்ணும் எழுத வரல.

சந்தேகி · மாலை 6.40

இன்னொரு சந்தேகம், இது சண்டைக்கு இல்ல. ஒரு மாத்திரை சாப்பிட்டா எனக்கு எப்பவும் கீழ் உதட்டுல ஒரே இடத்துல கறுப்பா வட்டம் வரும். வயித்துப்போக்குக்குக் குடுக்கிற மாத்திரை. விட்டா மங்கிடும், மறுபடி சாப்பிட்டா *அதே* வட்டம். இதுவும் குடியிருக்கிற கூட்டமா?

பாலாத்தங்கரை · மாலை 7.00

அண்ணா, நீங்களே உங்க கேள்விக்கு சாட்சி கொண்டு வந்துட்டீங்க! ஒரே இடத்துல வர்ற மருந்துத் தழும்பு அது. அந்த வட்டத்துக்குள்ள சிடி8 வகை (மத்த செல்லைக் கொல்லுற டி செல் வகை) நினைவுச் செல் தங்கியிருக்கும். மாத்திரை உள்ள போன சில மணி நேரத்துல விழிச்சு மேல்தோலைத் தாக்கும். பெயரைக் குறிச்சு வெச்சுட்டு இனிமே எந்த டாக்டர்கிட்ட போனாலும் சொல்லுங்க, அந்த மாத்திரை வேண்டாம். வெண்புள்ளி சிகிச்சைக்கு அப்புறம் பழைய இடத்துலயே திரும்ப வெளுக்குதே, அதுலயும் இதே குடும்பத்துச் செல்கள்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இல்லன்னா நேர்மை ஆகாது. நினைவு டி செல்லுக்கு மட்டும் சொந்தம் இல்ல. 2017ல எலித் தோல்ல பாத்தது: ஒரு தடவை அழற்சி வந்து ஆறினா மேல்தோலோட மூல செல்களும் அதை ஞாபகம் வெச்சுக்குது. மரபணுவுல சில பக்கங்களைத் திறந்தே வெச்சிருக்கும், அடுத்த காயத்துக்கு வேகமா வேலை செய்யும். அட்டைக்காரர் அண்ணாவோட உவமையில சொன்னா, அட்டை மட்டும் இல்ல, தறியும் கொஞ்சம் பழகிப்போயிருக்கு.

ஆம்பூர் தையல் · மாலை 7.25

அக்கா, அப்போ அந்தச் செல்லைத் தூக்கி எறிய மருந்து இல்லையா? அந்த இடத்துத் தோலையே எடுத்துட்டா?

பாலாத்தங்கரை · இரவு 8.10

தோலை எடுத்தா அந்தக் காயத்துலயே வரலாம், டாக்டர் சொன்ன கோப்னர் சமாச்சாரம். அது வேண்டாம் மா.

மருந்து விஷயம்தான் இப்ப சுவாரசியம். ஊசி மருந்துகள்ல சிலது ஐஎல்-17ஐ நேரா அடைக்கும். வேற சிலது அதுக்கு ஒரு படி மேல, ஐஎல்-23ஐ அடைக்கும். ஐஎல்-23ங்கிறது இந்தச் செல்களை ஊக்கி வளர்க்கிற சிக்னல். ரெண்டு வகையிலயும் தோல் ஆறும். ஆறின தோலுக்குள்ள எட்டிப் பாத்த ஒரு சின்ன ஆய்வுல, ஐஎல்-23ஐ அடைக்கிற குசெல்குமாப் போட்டவங்களுக்குக் குடியிருக்கிற சிடி8 செல்லோட எண்ணிக்கையே குறைஞ்சிருந்தது. ஐஎல்-17ஐ அடைக்கிற செக்குகினுமாப்ல அப்படிக் குறையல. ஆள் எண்ணிக்கை கொஞ்சம், அதனால இப்பவே கொடி பிடிக்க வேண்டாம்.

ஜெர்மனி, ஃபிரான்ஸ்ல நடந்த கைடு ஆய்வு இன்னும் பெருசு. குசெல்குமாப்ல சீக்கிரமே முழுசா ஆறினவங்களை ரெண்டாப் பிரிச்சாங்க. பாதிப் பேருக்கு வழக்கப்படி 8 வாரத்துக்கு ஒரு ஊசி, மீதிப் பேருக்கு 16 வாரத்துக்கு ஒண்ணு. 16 வாரக்காரங்களும் கிட்டத்தட்ட அதே அளவு நல்லா இருந்தாங்க. நோய் வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பிச்சவங்களுக்குப் பலன் இன்னும் கூட. குடியேறி வேர் விடறதுக்கு முன்னாடியே பிடிக்கணும்னு சொல்றவங்க இதைத்தான் காட்டுவாங்க.

பூண்டோட அழிச்சாச்சுன்னு சொல்ற மருந்து எதுவும் இல்ல. அப்படி யாராவது சொன்னா பேப்பர்ல மடிச்சுத்தான் குடுப்பாங்க.

குடியாத்தம் தோல் டாக்டர் · இரவு 8.45

பாலாத்தங்கரை மேடம் எழுதியதோடு என் கிளினிக் வாசலில் இருந்து கொஞ்சம்.

அந்த ஊசி பலருக்கு எட்டாது, விலை அப்படி. எட்டினாலும் நம் நாட்டில் முதலில் டிபி சோதனை. மார்பு எக்ஸ்ரே, தோலிலோ ரத்தத்திலோ ஒரு சோதனை. முக்கியமாக டிஎன்எஃப்பை (அழற்சியைத் தூண்டும் இன்னொரு சமிக்ஞைப் புரதம்) அடைக்கும் ஊசிக்கு. உடம்பு டிபி கிருமியைச் சுவர் கட்டி அடைத்து வைத்திருப்பதே அந்த டிஎன்எஃப்பின் துணையோடுதான். சுவரை இடித்துவிட்டுத் தோல் ஆறி என்ன பிரயோசனம்.

பெரும்பாலானவர்களுக்குக் களிம்பு, லைட், மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இவையே போதும். மெத்தோட்ரெக்சேட் *வாரத்துக்கு ஒரு நாள்* மட்டும். தினம் சாப்பிட்டு வாய் வெந்து, ரத்த அணு இறங்கி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கிழமையைக் காலண்டரில் வட்டம் போடச் சொல்லுவேன். கர்ப்பத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும், குடி கூடவே கூடாது.

இந்த இழைக்கு முக்கியமானது: ஆறியபிறகு என்ன செய்வது? நம் ஆட்கள் செதில் போன அன்றைக்கே ட்யூபைத் தூக்கிப் போடுகிறார்கள். முன்பு நானும் போனதும் நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். இப்போது மாற்றிக்கொண்டேன். கால்சிபோட்ரியால் (வைட்டமின் டி வகை மருந்து) கலந்த களிம்பைப் படை போன பிறகும் பழைய இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தொடர்ந்தால் மறுபடி வருவது தள்ளிப்போகிறது என்று ஆய்வு இருக்கிறது. எங்கே தடவுவது? கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியாதே!

அட்டைக்காரர் சார், அதற்கு உங்கள் ஷீட்டைவிட நல்ல வரைபடம் என்னிடம் இல்லை. அடுத்த தடவை உங்கள் டாக்டரிடம் போகும்போது எடுத்துப் போங்கள்.

வெட்பாலை · இரவு 9.05

நான் சொன்ன கருவாடு விஷயத்தை வாபஸ் வாங்கல, ஆனா கத்தரிக்காயை விட்டுடறேன். பொடி கதையைப் படிச்சு மனசு கஷ்டமாச்சு. எண்ணெய் வேணும்னா யாருக்கும் செய்யுற பக்குவம் சொல்றேன், காசு வேண்டாம்.

அட்டைக்காரர் · மூணு வாரம் கழிச்சு, வெள்ளி, இரவு 10.20

இழையை மேல தூக்கறேன், மன்னிக்கணும்.

டாக்டரைப் பாத்தேன். நானே நிறுத்தினதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ரத்தப் பரிசோதனை, ஈரல் எல்லாம் பாத்துட்டு மாத்திரை திரும்ப ஆரம்பம், புதன்கிழமை புதன்கிழமை. லைட்டும் உண்டு. ஊசி இப்போதைக்கு வேண்டாம்னார்.

ஷீட்டைக் காட்டினேன். முதல்ல சிரிச்சார். அப்புறம் வாங்கி முழங்கைமேல வெச்சு, மச்சத்தைப் பொருத்தி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பாத்தார். ஒரு நிமிஷம் பேசல. வெளியில உக்காந்திருந்த ஒரு பயிற்சி டாக்டர் பொண்ணைக் கூப்பிட்டு, "இதைப் பாரும்மா, மனுஷன் பார்டர் வரைஞ்சு வெச்சிருக்கார்"ன்னார். ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வெச்சுக்கிட்டாங்க. மீதி மூணு இடத்தையும் வரைஞ்சு தேதி போட்டுக் கொண்டுவரச் சொன்னார். இடுப்புக்குப் பின்னால எனக்குக் கை எட்டாதே, வீட்டுக்காரிதான் வரைஞ்சு குடுத்தா. அவ கோடு என் கோட்டைவிட சுத்தம்.

கண்ணாடி மேஜைமேல பழைய பட்டுத் துணியை நாலா மடிச்சுப் போட்டிருக்கேன். நேத்து வேலூர் வந்தப்ப இலவம்பாடிக்காரர் சொன்ன காய் ஒரு கிலோ வாங்கினேன், எண்ணெய்க் கத்தரிக்காய். வீட்ல ஒண்ணும் சொல்லல, ரெண்டாவது தடவை போட்டுக்கும்போது மட்டும் முழங்கையைப் பாத்தா.

ஆம்பூர் அம்மா, அப்பா எப்படி இருக்கார்?

ஆம்பூர் தையல் · இரவு 10.48

சிவப்பு முழுக்க இறங்கிடுச்சு அண்ணா. கட்டை விரலுக்குக் கீழ மட்டும் இருக்கு, பழைய இடம். கத்திரி வேலையில இருந்து பேக்கிங்குக்கு மாத்திக் கேட்டிருக்கோம். ட்ரேசிங் ஷீட் எந்தக் கடையில கிடைக்கும், ஸ்டேஷனரியில கேட்டா தருவாங்களா?